ஆளில்லா ஊரின் நாற்பத்தொரு பேர்

கொம்மட்டிக்குளத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கார்த்திகை முடிவதற்குள் கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்காவிட்டால் ஊரையே காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். முழங்கால் என்றால் யாருடைய முழங்கால் என்று கேட்கக் கூடாது. கடைசி முப்பது வருஷத்தில் கணுக்கால் நனையக்கூட அங்கே தண்ணீர் நின்றதில்லை. யார் காலத்திலோ அடித்த புயலில் கரை முப்பது கஜம் உடைந்து போனது. ஜமீனிலிருந்து அதற்கு ஒரு கூடை மண் விழவில்லை.

திருச்சுழிக்குத் தெற்கே, குண்டாற்றை விட்டு மூன்று மைல் தள்ளிக் கிடந்த அந்த ஊரில் மொத்தம் நாற்பத்தொரு வீடு. பாதி அந்தோணியாரைக் கும்பிடும் வேதக்காரர்கள், பாதி அய்யனாரைக் கும்பிடுகிறவர்கள். எல்லாருக்கும் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. கண்மாய்க்குக் கீழே நன்செய்யும் உண்டு, பட்டாவில் மட்டும். காட்டில் கம்பும் குதிரைவாலியும் வந்தமட்டும் வீட்டில் சேர்த்துவிட்டு, மார்கழி பிறந்ததும் அரிவாளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்து, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சோழவந்தான் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களுக்கு அறுப்புக்குப் போவார்கள். மாசியில் கூலி நெல்லோடு திரும்புவார்கள். அடுத்த விளைச்சல் வரை அந்த நெல்தான் சோறு.

போகிறபோது ஒவ்வொரு வாசலையும் உடைமுள் வைத்து அடைப்பார்கள். ஊருக்கு ஒரே ஒரு ஆள் காவல். வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை போட்டு, அந்த வீட்டிலிருந்து ஒருவர் பின்தங்க வேண்டும். விதைப் பானைகளை எலி தொடாமல் பார்ப்பது ஒரு வேலை. சாயங்காலம் அந்தோணியார் கோயிலிலும் அய்யனார் கோயிலிலும் விளக்கு வைப்பது இன்னொரு வேலை. வேதக்காரர் வீட்டு முறை வந்தால் அய்யனாருக்கு வேதக்காரர் கையால் விளக்கு, மற்றவர் முறை வந்தால் அந்தோணியாருக்கு அவர்கள் கையால் விளக்கு. இரண்டு பேரும் ஆட்சேபம் சொன்னதாகத் தகவல் இல்லை. இவை போக, எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. வெளியாள் கண்ணில் படவே கூடாது. காவலுக்கு ஒற்றை ஆள்தான் என்று தெரிந்தால் திருடனுக்குத் தைரியம் வந்துவிடும். ஒருவரும் கண்ணில் படாவிட்டால் எங்கே எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்களோ என்று அவன் தயங்குவான். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்கார ஏற்பாடுதான். யுத்த காலத்தில் தானியம் எடுக்க வந்த சர்க்கார் ஆட்களும் இந்த ஏற்பாட்டால் வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நாற்பத்தாறாம் வருஷத்து மார்கழியில் காவல் முறை மரியசெல்வி வீட்டுக்கு வந்தது. புருஷன் ஞானையா அறுப்பில் கெட்டிக்காரன் என்பதால் அவன் போக, இவள் தங்கினாள். மரியசெல்விக்கு அப்போது முப்பத்தாறு வயது இருக்கும். நெட்டையான உடம்பு, அதற்கு மேல் நெட்டையான குரல். அவள் தன் வீட்டு வாசலில் நின்று பேசினால் ஊரின் கடைசி வீட்டில் பதில் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றால் அது சாதாரணத் தண்டனை இல்லை. ஆனால் முறை என்று வந்துவிட்டால் மரியசெல்வி ஒரு அரிசி எடைகூடப் பிசக மாட்டாள்.

தை பிறந்து நாலாம் நாள் காலை, ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. மரியசெல்வி ஒரே ஓட்டமாக ஓடிக் கண்மாய்க் கரையில் அடர்ந்திருந்த உடைமரப் புதருக்குள் குப்புறப் படுத்துக்கொண்டாள். கால்சராயும் தொப்பியும் போட்ட ஒருவர் இறங்கினார். கூடவே ஒரு குமாஸ்தா. தொப்பிக்காரர் தெருவில் நடந்தார். முள் அடைத்த வாசல்களைப் பார்த்தார். யாராவது இருக்கிறீர்களா என்று உரக்கக் கூப்பிட்டார். மரியசெல்வியின் உள்ளங்காலில் ஒரு முள் ஏறியிருந்தது, கட்டெறும்பு ஒன்று கழுத்தில் ஊர்ந்தது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. வந்தவர் கரைப் பக்கம் வந்து முட்புதரை எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, காகிதத்தில் எதையோ எழுதினார். ஜீப் போய்விட்டது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவள் சிரித்தாள். இத்தனை வருஷக் காவலில் ஜீப்பையே ஏமாற்றித் திருப்பி அனுப்பியவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஞானையா வந்ததும் இதை எப்படியெல்லாம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வருவதாகக் காட்டிக்கொள்ளாமல், உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கத் திருச்சுழிக்குப் போனாள். கடைக்காரர் ரத்தினம் அவளைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தார்.

"ஏத்தா, கும்பிடப் போன சாமி குறுக்க வந்தும் ஒங்க ஊருக்குக் குடுத்துவைக்கலையே. கண்மாய்களச் சரிபண்ண சர்க்காருல திட்டம் போட்டிருக்காக, தெரியுமா? மொதப் பேரே ஒங்க ஊருதான். ஒடைப்பு சின்னது, செலவு கொறச்சல்னு சேத்திருந்தாக. நேருல பாக்க ஆபீசர் வந்தாராம். ஊருல ஒரு குஞ்சு குருமான் இல்லையாமே? ஆளில்லாத ஊருன்னு எழுதி அடிச்சிட்டாரு."

அந்த மண்ணெண்ணெய்ப் புட்டியை எப்படி வாங்கினாள், மூன்று மைலை எப்படி நடந்தாள் என்று மரியசெல்விக்கே பிற்பாடு ஞாபகம் வரவில்லை. ஊருக்கு வந்து அந்தோணியார் கோயில் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் சோம்பியிருந்து இது நடந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு குறையும் வைக்காமல் காவல் காத்ததால் ஊருக்கு வந்த தண்ணீர் போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அழுது முடித்ததும் இரண்டு கோயிலிலும் விளக்கில் நிறைய எண்ணெய் விட்டாள். "நான் வர வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க" என்று இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு, விடிந்ததும் அருப்புக்கோட்டைக்கு நடந்தாள். காவல் ஆள் ராத்தங்கலாக ஊரை விட்டுப் போவது அந்த ஊரில் அதுவரை நடக்காத காரியம்.

அந்த அதிகாரியின் பெயர் ராஜகுரு. அருப்புக்கோட்டை முசாபரி பங்களாவில் முகாம் போட்டிருந்தார். நல்ல மனுஷர், ஆனால் கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் நம்பாதவர். வராந்தாவில் நின்று மரியசெல்வி விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா, நான் ஊருக்குள்ள நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். காக்காகூட இல்லை. இப்ப வந்து ஆள் இருக்குன்னு சொன்னா எப்படி நம்புறது?"

"மூணு தடவ இல்லீங்க, நாலு தடவ. நாலாவது தடவ 'உசுரோட யாராச்சும் இருக்கீங்களா'ன்னு கேட்டீக. ஒங்க கால்சராயில நாயுருவி ஒட்டுச்சு, குனிஞ்சு ஒண்ணொண்ணாப் பிச்சீக. இந்த அய்யா பீடி பத்தவச்சாரு. பொறவு நீங்க மட்டும் ஆலமரத்துக்கு அந்தாண்ட போயி..."

"போதும் போதும்" என்றார் ராஜகுரு. குமாஸ்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. காவல் முறையை முதலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

"சரி, நீங்க இருந்தீங்க. ஒத்துக்கிறேன். ஆனா வருஷா வருஷம் ஊரே காலியாகுதுன்னு நீங்களே சொல்றீங்க. சர்க்கார் ரெண்டு பங்கு செலவு பண்ணும், ஒரு பங்கு ஊர்க்காரங்க உடலுழைப்பா குடுக்கணும். ஆளு நிக்காத ஊருக்குக் கண்மாய் வெட்டி என்னம்மா பிரயோஜனம்?"

"தண்ணி இல்லாமத்தானய்யா போறோம். போறோம்னு சொல்லித் தண்ணி இல்லேங்கிறீகளே, இது அடுக்குமா?"

ராஜகுரு பட்டியலை எடுத்துப் புரட்டினார். பிறகு ஒரு வழி சொன்னார். பட்டியல் கலெக்டருக்குப் போக இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கொம்மட்டிக்குளம் கரைக்கு வருவார். வீட்டுக்கு ஒரு ஆள், நாற்பத்தொரு பேர், மண்வெட்டியோடு நிற்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் அடித்தது அடித்ததுதான்.

"நிக்கிறோம்" என்றாள் மரியசெல்வி. அந்த நாற்பது பேரும் அப்போது எங்கே எந்த வயலில் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அன்று மத்தியானமே பஸ் ஏறினாள். பெட்ரோல் கிடைக்காமல் கரிக்கு மாறிய அந்தப் பஸ்ஸுக்கு, யுத்தம் முடிந்தும் கரியை விட மனசில்லை. பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் மதுரையைத் தொட்டது. அங்கிருந்து வைகையை ஒட்டியே நடை. கொம்மட்டிக்குளத்து ஆட்களின் கொத்து எந்தப் பண்ணையில் அறுக்கிறது என்று வாய்க்கால் வாய்க்காலாக விசாரித்துக்கொண்டு போனாள். புதன்கிழமை மத்தியானம் ஒரு களத்து மேட்டில் ஞானையாவின் தலைப்பாகை தெரிந்தது.

கொத்துக்குத் தலைவர் இருளப்பசாமி. ஊரில் மற்றவர்களைவிட இரண்டு குறுக்கம் நிலம் அதிகம், மீசை இரண்டு விரல் அதிகம். அவர் அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி நலமா என்பதில்லை.

"காவல விட்டுட்டா வந்தே?"

"விட்டுட்டுத்தாண்ணே வந்தேன்."

களத்தில் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். மரியசெல்வி எதையும் மறைக்கவில்லை. ஜீப் வந்ததை, தான் ஒளிந்ததை, ஆளில்லாத ஊர் என்று எழுதப்பட்டதை, வியாழக்கிழமைக் கெடுவை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளுடைய பெரிய குரல் கம்மிப்போயிருந்தது.

"நீ ஒளிஞ்சது தப்பில்லம்மா, அது முறை" என்றார் இருளப்பசாமி. "ஆனா இப்பப் போக முடியாது. பாதியில கொத்தக் கலைச்சா மொத்தக் கூலியும் போயிரும். பண்ணையாரு பேசும்போதே சொல்லித்தான் எறக்கியிருக்காரு. கண்மாயி வெட்டுறோம், கண்மாயி வெட்டுறோம்னு எங்க அய்யா காலத்துலயிருந்து சொல்றாங்ய. இந்த நெல்லு கண்ணு முன்னால கெடக்கு. எத விட்டுட்டு எதுக்குப் போக?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பத்தொரு வீட்டு வயிறு அவர் பொறுப்பில் இருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். ஞானையா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெண்டாட்டியின் குரல் கம்மியதை அவன் கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு முறைதான் கேட்டிருக்கிறான்.

அப்போது வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ராக்கம்மாள் வந்தாள். இருளப்பசாமியின் மனைவி. அதிகம் பேச மாட்டாள், பேசினால் அவர் குறுக்கே பேச மாட்டார்.

"அறுப்பு நேத்தோட முடிஞ்சிருச்சு. இனி களத்துல பொம்பளைக்கு என்ன வேலை? சுளகு எடுத்துப் பொடைக்கிறதுதான. அத இவுக பொடைக்கட்டும். நாங்க போறோம்."

"யாரு பொடைக்க?"

"நீங்கதேன்."

"நான் சுளகு புடிக்கவா?"

"நான் மம்பட்டி புடிக்கலையா?"

இருளப்பசாமி மீசையைத் தடவினார். அதிலிருந்து யோசனை ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் என்றுதானே அதிகாரி சொன்னார், மீசை வேண்டும் என்று சொல்லவில்லையே என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்ததும், களமே சிரித்துவிட்டது. அத்தோடு காரியம் முடிந்தது. கொத்து கலையாது, கூலி போகாது. வீட்டுக்கு ஒரு பெண் கிளம்புவாள். மொக்கையன் வீட்டில்தான் சிக்கல். ஐம்பது வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பெண் வாடையே கிடையாது. அவன் வீட்டுக்கு அவனே ஆள். ஆக, மரியசெல்வி, அவளோடு முப்பத்தொன்பது பெண்கள், நடுவில் மொக்கையன். பால்குடிப் பிள்ளைகள் தாய்களோடு வந்தன, மற்றதுகள் தகப்பன்மார் கையில் விடப்பட்டன. அந்த நாட்களில் கொம்மட்டிக்குளத்து ஆண்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

நாற்பது மைலுக்கு மேல் நடை. மதுரைத் தெருக்களில் கூட்டமாகப் போனபோது எந்த ஊர்த் திருவிழாவுக்கு என்று கேட்டார்கள். "எங்க ஊருத் திருவிழாவுக்கு" என்று மொக்கையன் சொன்னான். அவனுக்கு அவ்வளவு பெண்களோடு ஊர்வலம் போவதில் இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. காரியாபட்டிக்கு வந்தபோது பலருக்குக் கால் வெடித்துவிட்டது. இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருத்திகூடப் பின்தங்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர் எல்லையைத் தொட்டார்கள்.

வாசல்களில் முள் கலைந்து கிடந்தது.

அந்தோணியாரும் அய்யனாரும் என்ன செய்துகொண்டிருந்தார்களோ தெரியாது, காவல் இல்லாத ஊருக்குள் யாரோ நிதானமாக வந்து போயிருந்தார்கள். விதைப் பானைகளைத் தொடவில்லை. இரும்பு என்று இருந்த அத்தனையையும் எடுத்துப் போய்விட்டார்கள். மண்வெட்டி, கடப்பாரை, கோடாலி, கொழுமுனை. யுத்தத்துக்குப் பிறகு இரும்பு விற்ற விலைக்கு அதுதான் பொன். நாற்பத்தொரு வீட்டில் ஒரு மண்வெட்டி மிஞ்சவில்லை.

நாற்பது மைல் நடந்த பெண்கள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். "ஒளிஞ்சிருந்து கண்மாயத் தொலச்சா, ஓடிப்போயி மம்பட்டியத் தொலச்சா" என்று ஒருத்தி உரக்கவே சொன்னாள். முறையைக் காத்தது ஒரு தப்பு, முறையை மீறியது ஒரு தப்பு. தன்னைப் போலத் துப்புக்கெட்டவள் பூமியில் உண்டா என்று மரியசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"செல்வி, எந்திரி" என்றாள் ராக்கம்மாள். அவள் வீட்டில் போனது அவளுடைய அப்பா சீதனமாகக் கொடுத்த கடப்பாரை. "அழுதா மம்பட்டி வருமா? கையில அருவா இருக்கா, இல்லையா?"

"அருவாளுக்கு மண்ணு வெட்டுமா மதினி?"

"மண்ணு வெட்டாது. முள்ளு வெட்டும்ல?"

மரியசெல்வி தலையை நிமிர்த்திக் கண்மாய்ப் பக்கம் பார்த்தாள். கால் மைல் நீளக் கரை. முப்பது வருஷத்து உடையும் காரமுள்ளும் இசங்கும் மூடி, அது கரை என்றே யாருக்கும் தெரியாது. அதிகாரி அன்றைக்கு உதட்டைப் பிதுக்கியது அதைப் பார்த்துத்தான். அவள் எழுந்து சேலையை வரிந்து கட்டினாள்.

புதன்கிழமை விடியும்போது ஆரம்பித்தார்கள். விறகு வெட்டுவதற்கென்று அறுப்புக்குக் கொண்டுபோயிருந்த வெட்டரிவாள் எட்டு இருந்தது. எட்டுப் பேர் மரத்தை வெட்டினார்கள், கதிர் அரிவாள் வைத்திருந்தவர்கள் கொடியையும் புல்லையும் அறுத்தார்கள், மற்றவர்கள் முள்ளைக் கவைக்கம்பால் இழுத்துத் தள்ளினார்கள். மொக்கையன் தூர்களை நெம்பினான். கைகள் கிழிந்தன, சேலைகள் கிழிந்தன. மத்தியானக் கஞ்சியைக் கரையிலேயே நின்று குடித்தார்கள். தன்னைத் திட்டியவளுக்கு உள்ளங்கையில் குத்திய முள்ளை மரியசெல்வி பல்லால் கடித்து எடுத்தாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைசிப் புதரும் சரிந்தது.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ராஜகுரு இறங்கி, வழி தவறிவிட்டோமோ என்று குமாஸ்தாவைப் பார்த்தார். எதிரே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுத்தமாக ஒரு கரை கிடந்தது. உடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பழைய கல் மதகு எங்கே புதைந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்தது. அதன் மேல் வரிசையாக நாற்பத்தொரு பேர்.

"மண்வெட்டியோட நிக்கச் சொன்னேனே, எங்கம்மா?" என்றார்.

"களவு போச்சுங்கய்யா."

"காவலுக்கு ஆள் வைக்கலையா?"

"காவலுக்கு இருந்தவ நாந்தான். ஒங்களத் தேடி வந்த நேரம் பாத்துத் தூக்கிட்டாங்ய."

ராஜகுரு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

குமாஸ்தா வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சார், ஒருத்தனைத் தவிர எல்லாம் பொம்பளைங்க. இதை ஆள் கணக்குல எப்படிச் சேர்க்கிறது?"

ராக்கம்மாள் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். முழங்கை வரைக்கும் முள் கிழித்த கோடுகள். "இந்த முள்ளு பூராத்தையும் வெட்டுனது ஆவியாய்யா? எங்க வீட்டு ஆம்பளைக அங்க சுளகு பொடைக்கிறாக. வேணும்னா போயிப் பாத்துட்டு வாங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கரையின் மேல் ஏறி, ஒவ்வொருவர் எதிரிலும் நின்று, பெயரும் வீடும் கேட்டு, தானே எண்ணினார். எண்ணி முடித்ததும் ஜீப்பின் முன் தட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். மரியசெல்வி அவர் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னய்யா எழுதுனீக?"

"கொம்மட்டிக்குளம். நாற்பத்தொரு வீடு. குடிகள் நேரில் இருக்கிறார்கள். வேலைக்குத் தயார். கண்மாயை உடனே எடுத்துக்கொள்ளலாம்."

"இன்னொரு தடவ வாசிங்கய்யா."

அவர் வாசித்தார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று மூன்றாம் முறையும் வாசித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். மரியசெல்விக்குக் கண்ணீர் பெருகியது, துடைக்கத் தோன்றவில்லை. பட்டாளத்தில் மிச்சமான மண்வெட்டிகள் டிப்போவில் கிடக்கின்றன, நாற்பத்தொன்று அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ராஜகுரு ஜீப்பில் ஏறினார். ஒரு வாரத்தில் அவை வந்து சேர்ந்தன.

மாசியில் ஆண்கள் நெல்லோடு திரும்பியபோது உடைப்பில் பாதி மண் ஏறியிருந்தது. இருளப்பசாமி சுளகு பிடித்த கதையை ஞானையா சொல்ல ஆரம்பித்தாலே அவர் எழுந்து போய்விடுவார். முதல் நாள் அவர் புடைத்ததில் பதர் எல்லாம் சுளகில் நின்றதாம், நெல் எல்லாம் தரையில் கிடந்ததாம். ஆனாலும் கூலியில் ஒரு மரக்கால் குறையவில்லை. வந்த மறுநாளே அவரும் மண் சுமந்தார். ஆடிக்குள் கரை மூடியது, மதகு நிமிர்ந்தது. ஆடிக் கடைசியில் தேசத்துக்குச் சுதந்திரம் வந்தபோது கொம்மட்டிக்குளத்தில் கொடி ஏற்றியது அந்த மதகின் மேல்தான்.

இதோடு நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட ஆசைதான். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புதுக் கரையும் புது மதகும் வெயிலில் காய, ஊர் மறுபடி அறுப்புக்குப் போனது. போகிற வழியில் சிலர் மரியசெல்வியைக் கேலி செய்தார்கள். அவள் பேசாமல் நடந்தாள். அவள் பேசாமல் நடந்ததைப் பார்த்து ஞானையா பயந்துபோனான்.

அதற்கடுத்த வருஷம், ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் பெய்தது. நிறுத்தாமல் பெய்தது. ஊரே கரையின் மேல் நின்றது. தண்ணீர் ஏறி ஏறிப் பழைய உடைப்பு இருந்த இடத்தைத் தொட்டது. மரியசெல்வி அந்த இடத்தில் போய்த் தன் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டாள். அவள் நின்றதால்தான் கரை நின்றது என்று சொல்ல மாட்டேன், அவளைக் கேட்டால் அவள் சொல்வாள். நாலாம் நாள் வெயில் அடித்தபோது கண்மாய் நிறைந்து, கலுங்கில் வழிந்து, பார்த்த கண்ணெல்லாம் தண்ணீராகக் கிடந்தது. மார்கழி பிறந்தது. ஒருவரும் அரிவாளைத் துணியில் சுற்றவில்லை. நன்செய்யில் முழங்கால் உயரப் பயிர் நின்றபோது ஊரை விட்டு யார் போவார்கள்?

மாசியில் எல்லா வயலும் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டது. ஊர் ஊராகப் போய் அறுத்தவர்களுக்குத் தங்கள் ஊர் அறுப்பை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அவரவர் வயலில் அவரவர் குனிந்திருந்ததால் ஒருவருக்கொருவர் உதவ ஆளில்லை. கதிர் முற்றிக் கொட்டத் தொடங்கியது. மரியசெல்வியும் ஞானையாவும் தங்கள் இரண்டு குறுக்கம் வயலில் இருட்டும்வரை அறுத்தும் பாதிகூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் காலை, வரப்பில் நிழல் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதினாலு பேர் நின்றார்கள். பந்தல்குடிக்குக் கிழக்கே ஏதோ ஒரு ஊர், அந்தப் பக்கம் மழை தவறிவிட்டதாம். புழுதி படிந்த கால்கள், இடுப்பில் பிள்ளைகள், தலையில் துணி சுற்றிய அரிவாள் கட்டு. முன்னால் நின்ற பெண்ணுக்கு மரியசெல்வி வயதுதான் இருக்கும். நாலு ஊரில் இல்லை என்று கேட்டுவிட்டு வந்த முகம். ஐந்தாவது இல்லையையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வாயைத் திறந்தாள்.

"அறுப்புக்கு ஆளு வேணுமா, ஆத்தா?"

இருபது வருஷமாக மரியசெல்வி வைகைக் கரையில் பண்ணை பண்ணையாகக் கேட்ட கேள்வி அது. பதிலுக்காக வெயிலில் எவ்வளவு நேரம் நிற்க வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை ஒருவர் தன்னிடம் கேட்கக்கூடும் என்று மட்டும் அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஞானையா ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவனைக் கையமர்த்தினாள். அந்தப் பெண் தலைச்சுமையை இறக்கும்வரைகூட அவளால் பொறுத்திருக்க முடியவில்லை.

"வேணும் தாயி, அத்தன பேரும் வேணும்" என்றாள். ஊரின் கடைசி வீடு வரைக்கும் அது கேட்டது.